விபத்து நடந்த இடத்தில் உதவினால் சாட்சியாகவும் வர வேண்டுமா? டிரைவர்களுக்கு என்ன சொல்வது?

பைபாஸ்_பயணி:
எங்கள் டிராவல்ஸ் டிரைவர்களுக்கு ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதிக் கொடுக்கப் போகிறேன். செங்கல்பட்டு – திருச்சி ரூட்டில்தான் பெரும்பாலும் ஓட்டம். வழியில் விபத்தைப் பார்த்தால் நிற்கச் சொன்னால், "நின்னா போலீஸ், கோர்ட்டுன்னு அலையணும் சார்" என்கிறார்கள். சட்டம் மாறிவிட்டது என்று பொதுவாகச் சொன்னால் நம்பமாட்டார்கள். அதனால் விவரமாகவே கேட்கிறேன். நின்றவுடன் எதை முதலில் செய்வது, எதைத் தொடவே கூடாது? பெயர், போன் நம்பர் யார் கேட்டால் கொடுக்க வேண்டும்? ஸ்டேஷனுக்கு வா என்றால்? எல்லா வண்டியிலும் டேஷ்கேம் இருக்கிறது, அந்தப் பதிவை என்ன செய்வது? துறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிவப்பு_ஜோன்:
மருத்துவப் பக்கத்தை மட்டும் நான் சொல்கிறேன்.

உதவப் போனவரே அடுத்த வண்டியில் அடிபடுவதுதான் நெடுஞ்சாலையில் பெரிய ஆபத்து. வண்டியைத் தார் ரோட்டில் நிறுத்தாமல் இடது ஓரம் மண்ணில் இறக்கி, நான்கு இண்டிகேட்டரையும் போடச் சொல்லுங்கள். பயணிகள் யாரும் ரோட்டில் நிற்க வேண்டாம். முக்கோணப் பலகையைக் குறைந்தது 50 மீட்டர் பின்னால் வைக்க வேண்டும். வளைவு இருந்தால் வளைவுக்கு முன்னாலேயே வைக்க வேண்டும், வளைந்து வந்த பிறகு பார்த்துப் பிரயோஜனமில்லை. அடிபட்ட வண்டியின் சாவியை அணைக்கலாம். டேங்கர் என்றால் பக்கத்தில் போகவே கூடாது. பின்புறமும் பக்கவாட்டிலும் இருக்கும் எச்சரிக்கைப் பலகையில் நான்கு இலக்க எண் இருக்கும் (1075 என்றால் எல்.பி.ஜி., 1203 என்றால் பெட்ரோல்). தூரத்திலிருந்தே அதைப் படித்து போனில் சொன்னால் போதும்.

108-க்குப் பேசும்போது "உளுந்தூர்பேட்டை தாண்டி" என்று மொட்டையாகச் சொன்னால் நேரம் வீணாகும். கிலோமீட்டர் கல்லில் உள்ள எண், நடுவில் வரும் 200 மீட்டர் கல், எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கம் என்ற மூன்றையும் சொல்ல வேண்டும். பக்கம் மாறிப்போனால் ஆம்புலன்ஸ் மீடியன் திறப்பைத் தேடிப் பல கிலோமீட்டர் சுற்றி வரும். எத்தனை பேர், யாருக்காவது நினைவில்லையா, யாராவது வண்டிக்குள் சிக்கியிருக்கிறார்களா என்பதையும் சொல்லுங்கள். சிக்கியிருந்தால் தீயணைப்புத் துறையும் வர வேண்டும், அதற்கு 112. சுங்கச் சாலையில் 1033-க்கும் சொன்னால் ரோந்து வண்டியும் கிரேனும் வரும். பேசி முடித்ததும் அந்த போனில் வேறு கால் பேசக் கூடாது. ஆம்புலன்ஸ் பைலட் (ஓட்டுநர்) வழி கேட்டுக் கூப்பிடுவது அதே நம்பருக்குத்தான்.

இனி, தொடுவது. பீறிட்டு ரத்தம் வந்தால் சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேலேயே வைத்து, உள்ளங்கையால் பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று இரண்டு நிமிடத்துக்கொரு தரம் எடுத்துப் பார்ப்பதால்தான் ரத்தம் உறையாமல் போகிறது. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று வையுங்கள். கை காலில் அப்படியும் நிற்காவிட்டால், காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மேல் விழாமல், அகலமான துணியால் இறுக்கிக் கட்டிவிட்டுக் கட்டிய நேரத்தைக் குறித்து வையுங்கள். கம்பி, சணல் கயிறு கூடாது, சதையை அறுத்துவிடும். குத்தி நிற்கும் கம்பியையோ கண்ணாடியையோ பிடுங்கக் கூடாது. துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் மேல் வைக்க வேண்டும். ஐஸ் நேராகப் பட்டால் திசு செத்துப்போகும்.

ஹெல்மெட்டைக் கழற்றுவதில்தான் கூட்டம் அவசரப்படும். மூச்சு ஒழுங்காக இருந்தால் முன் கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டு அப்படியே விட்டுவிடலாம். வாந்தியோ ரத்தமோ வாயை அடைத்தால் மட்டும் கழற்ற வேண்டும். அதற்கும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கழுத்தையும் தாடையையும் அடியில் தாங்கிப் பிடிக்க, மற்றவர் வாரை அறுத்து, ஹெல்மெட்டின் பக்கங்களை விரித்தபடி மெல்ல உருவ வேண்டும். நினைவில்லாமல் மூச்சு மட்டும் இருப்பவரைத் தலை, கழுத்து, முதுகு ஒரே கோட்டில் இருக்கும்படி பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள்.

தண்ணீர், சோடா, டீ எதுவும் கொடுக்கக் கூடாது. அரை நினைவில் இருப்பவருக்கு அது நுரையீரலுக்குப் போகும். ஆபரேஷன் தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுக்கும்போதும் சிக்கல்.

108 இருபது நிமிடத்துக்குள் வரும் என்றால் காத்திருங்கள். ரத்தம் அடங்கவே இல்லை, ஆம்புலன்ஸ் தூரத்தில் இருக்கிறது என்றால்தான் வேறு வண்டி. ஆட்டோவில் மடக்கி உட்கார வைப்பதைவிடக் காலியாக வரும் டாடா ஏஸ் தரையில் பலகையோடு நீட்டிப் படுக்க வைப்பது முதுகுத்தண்டுக்கு நல்லது. பக்கத்து கிளினிக்கில் நிறுத்தி நேரத்தைத் தொலைக்காமல், விபத்து சிகிச்சைப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைக்கு நேராகப் போகச் சொல்லுங்கள்.

பணத்துக்குப் பயந்து யாரும் ஒதுங்க வேண்டாம். "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" 2021 டிசம்பரில் தொடங்கியது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால், அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் இலவசம். ஒன்றிய அரசின் 2025 திட்டத்தில் ஏழு நாள் வரை, ஒருவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை. கொண்டுவந்து சேர்த்தவரிடம் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. போலீஸ் வந்தால்தான் தொடுவோம் என்று சொல்லக் கூடாது என்பது 1989-லேயே பரமானந்த கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த விஷயம்.

ரிட்டயர்டு_ரைட்டர்:
ஸ்டேஷன் பக்கம் நான் சொல்றேன். உங்க டிரைவர்கள் பயப்படறது பழைய காலத்துப் பயம், அது அப்போ நியாயமாவும் இருந்துச்சு. 2016 மார்ச் 30-ல சேவ் லைஃப் ஃபவுண்டேஷன் வழக்குல உச்ச நீதிமன்றம், விபத்துல உதவறவங்களைப் பாதுகாக்கிற வழிகாட்டு நெறிமுறைகளுக்குச் சட்ட பலம் கொடுத்தது. அப்புறம் 2019 திருத்தத்துல மோட்டார் வாகனச் சட்டத்துக்குள்ளேயே 134-ஏ பிரிவு வந்துடுச்சு. 2020-ல மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 168, 169 சேர்த்தாங்க. குறிப்புல இந்த மூணு எண்ணையும் போடுங்க. ஆஸ்பத்திரி போலீஸ் அவுட்போஸ்ட்டுல வாக்குவாதம் வந்தா "விதி 168 இருக்கே சார்"னு அமைதியா ஒரு வரி சொன்னாலே பேச்சு மாறும்.

உதவினவரோட பெயர், முகவரி, அடையாளத்தைச் சொல்லச் சொல்லி எந்தப் போலீஸ்காரரும் கட்டாயப்படுத்த முடியாது. இஷ்டப்பட்டா சொல்லலாம். சாட்சியா வர ஒத்துக்கிட்டா, அவருக்குத் தோதான நேரத்துல, அவர் வீட்டுலயோ வேலை பார்க்கிற இடத்துலயோ, மப்டியில போய்த்தான் விசாரிக்கணும். ஸ்டேஷனுக்கு வர வெச்சா காரணத்தை எழுத்துல பதிவு பண்ணணும், ஒரே தடவையில விசாரிச்சு முடிக்கணும். உதவி பண்ணும்போது தெரியாம ஏதாவது தப்பாப் போனாலும் அவர் மேல சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ வராதுன்னு 134-ஏ சொல்லுது. ஆனா மோதினது உங்க வண்டியேன்னா இது எதுவும் பொருந்தாது. அது 134, டிரைவரோட கடமை, வேற கதை.

அடுத்து கையெழுத்து. போலீஸ் எழுதுற சாட்சி வாக்குமூலத்துல சாட்சி கையெழுத்துப் போடவே கூடாது, சட்டமே அப்படித்தான். இன்னும் எல்லாரும் 161 ஸ்டேட்மெண்ட்னுதான் சொல்லுவோம், 2024 ஜூலைக்கு அப்புறம் அது பி.என்.எஸ்.எஸ். (பழைய சி.ஆர்.பி.சி.க்குப் பதிலா வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 180. கையெழுத்து கேட்கிறது வேற காகிதங்களுக்கு: பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதுறது), கைப்பற்றுதல் மகஜர் (எடுத்துட்டுப் போற பொருளைப் பத்தி எழுதுறது). அந்த இடத்துல நின்னு, அவங்க அளந்து எழுதினதை நீங்க பார்த்திருந்தா மட்டும் போடுங்க. சாயந்திரம் டீக்கடையில கொண்டாந்து நீட்டினா வேண்டாம். வெள்ளைத்தாள்ல எந்தக் காலத்துலயும் கூடாது.

"நீங்களே ஒரு புகார் எழுதிக் குடுத்துடுங்க, எஃப்.ஐ.ஆர். சீக்கிரம் போட்டுடலாம்"னு சொல்லுவாங்க. எழுதிக் கொடுத்தா நீங்க புகார்தாரர், கோர்ட்டுல பெரும்பாலும் முதல் சாட்சி நீங்கதான். கூடாதுன்னு சொல்லலை, தெரிஞ்சு எழுதுங்க. ஆஸ்பத்திரியிலேர்ந்து தகவல் சீட்டு வந்ததும் போலீஸ் போய் அடிபட்டவர்கிட்டயோ சொந்தக்காரங்ககிட்டயோ வாக்குமூலம் வாங்கி வழக்குப் போடலாம். உங்க புகாருக்காக எதுவும் நிக்காது.

எம்சிஓபி_வக்கீல்:
ரைட்டர் ஐயா சொன்னது சரி, ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். 168-ம் 169-ம் உதவி செய்தவருக்கான பாதுகாப்பு. உதவி எதுவும் செய்யாமல் தள்ளி நின்று பார்த்தவர் வெறும் சாட்சி, அவருக்குப் பொதுச் சட்டம்தான். பி.என்.எஸ்.எஸ். 179-ன்படி எழுத்து மூலம் உத்தரவு கொடுத்து அவரை விசாரணைக்கு அழைக்கலாம். அதிலும் பெண்கள், 15 வயதுக்குக் கீழுள்ளவர்கள், 60 வயதுக்கு மேற்பட்டவர்கள், ஊனமுற்றவர்கள், கடும் நோயாளிகள் ஆகியோரை அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். ஆக, இறங்கி உதவியவரைவிட வேடிக்கை பார்த்தவருக்குத்தான் பாதுகாப்பு குறைவு. இதை உங்கள் டிரைவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இன்னொன்று. போலீசிடம் சாட்சி ஆவது உங்கள் விருப்பம். ஆனால் குற்றப்பத்திரிகைச் சாட்சிப் பட்டியலில் பெயர் ஏறி, கோர்ட்டிலிருந்து சம்மன் வந்த பிறகு விருப்பம் என்ற பேச்சில்லை. போகாமல் விட்டால் வாரண்ட் வரும். அந்தத் தேதியில் முடியாவிட்டால் முன்கூட்டியே அரசு வழக்கறிஞரிடம் சொல்லி வேறு தேதி வாங்குங்கள், தருவார்கள். போக்குவரத்துப் படி உண்டு, கோர்ட் ஆபீசில் கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது.

சாட்சியத்தில் எது ஒடிகிறது என்று சொல்கிறேன். நம் ஊர் வாக்குமூலங்களில் ஒரு வாசகம் அச்சடித்தது போல் வரும்: "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து மோதினார்." நீங்கள் வேறு மாதிரி சொல்லியிருந்தாலும் எழுத்தில் இப்படித்தான் இருக்கும். வேகமாக வந்தார் என்பது மட்டும் கவனக்குறைவுக்கு நிரூபணம் ஆகாது என்று 1998-ல் கர்நாடக அரசு எதிர் சதீஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. எனவே என்ன பார்த்தீர்களோ அதைச் சொல்லுங்கள். லாரி இடது லேனிலிருந்து இண்டிகேட்டர் போடாமல் வலது பக்கம் வந்தது, பைக் அப்போது நேராகப் போய்க்கொண்டிருந்தது, லாரியின் முன் வலது மூலை பைக்கின் ஹேண்டில்பாரில் பட்டது. இப்படிச் சொன்னால் குறுக்கு விசாரணையில் அசைக்க முடியாது. "எண்பது கிலோமீட்டர் வேகம் இருக்கும்" என்று ஆரம்பித்தால் அடுத்த கேள்வி "உங்களுக்கு வேகம் அளக்கத் தெரியுமா?"

அதைவிட முக்கியம், "சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன்." திரும்பிப் பார்த்தவர் மோதலுக்குப் பின் நடந்ததைத்தான் பார்த்திருக்கிறார், மோதலைப் பார்க்கவில்லை. அவரைக் கண்ணால் கண்ட சாட்சியாகப் போட்டால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதும். ஆனால் அவர் சாட்சியம் வீண் இல்லை. வண்டிகள் எந்த நிலையில் கிடந்தன, பிரேக் தடம் எங்கே தொடங்கியது, யார் டிரைவர் சீட்டிலிருந்து இறங்கினார் என்பதை அவர் சொல்லலாம். கடைசியாகச் சொன்னது பல வழக்குகளில் பொன்னான விஷயம், ஏனென்றால் பின்னால் வேறொருவர் தான்தான் ஓட்டினேன் என்று வந்து நிற்பார்.

அடிபட்டவரின் குடும்பம் பிறகு தேடி வந்து, "நீங்க முழுசாப் பார்த்ததா சொன்னா இழப்பீடு கிடைக்கும்" என்று கேட்கும். கேட்பவர்களின் நிலைமை பாவம்தான், ஆனாலும் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லக் கூடாது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இன்சூரன்ஸ் தரப்பு முதலில் கேட்பதே, "போலீஸ் சாட்சிப் பட்டியலில் உங்கள் பெயர் ஏன் இல்லை?" என்பதுதான்.

இப்போது யாரும் கவனிக்காத இடம்: ஆஸ்பத்திரியின் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர். டாக்டர் "எப்படி ஆச்சு?" என்று கேட்டு, கொண்டுவந்தவர் சொல்வதை எழுதுவார். கொண்டுவந்தவர் விஷயம் தெரியாமல் "பைக்கிலேர்ந்து விழுந்துட்டார் போல" என்று சொன்னால், தானாக விழுந்தார் என்று பதிவாகும். ஒரு வருடம் கழித்து அந்த ஏ.ஆர். காப்பியை வைத்துத்தான், வேறு வண்டியே சம்பந்தப்படவில்லை என்று இன்சூரன்ஸ் கம்பெனி வாதாடும். மோதியதைப் பார்த்தால் வண்டி எண்ணோடு சொல்லுங்கள். பார்க்கவில்லை என்றால் "ரோட்டில் கிடந்தார், எப்படி நடந்தது என்று பார்க்கவில்லை" என்று அப்படியே எழுதச் சொல்லுங்கள். மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டது என்று தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். வண்டி கடைசிவரை கண்டுபிடிக்கப்படாவிட்டாலும், இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 என்று 2022 ஏப்ரல் முதல் அரசு இழப்பீடு இருக்கிறது. அதற்கும் அந்த முதல் பதிவு உதவும்.

டேஷ்கேம்_டெக்:
கேமரா பற்றி மட்டும். டேஷ்கேம் ஒன்று முதல் ஐந்து நிமிடத் துண்டுகளாகப் பதிவு செய்து, கார்டு நிரம்பியதும் பழையதன் மேலேயே எழுதும். ஜி-சென்சார் (அதிர்வை உணரும் கருவி) பதிவை அழியாதபடி தானாகப் பூட்டுவது உங்கள் வண்டி குலுங்கினால்தான். அடுத்தவர் விபத்துக்கு அது பூட்டாது. அதனால் நின்றவுடன் லாக் பட்டனை அழுத்துங்கள், பாதுகாப்பான இடம் வந்ததும் கேமராவை அணைத்துக் கார்டைக் கழற்றிவிடுங்கள். அப்படியே திருச்சி வரை ஓட்டிவிட்டு ராத்திரி தேடினால் இருக்காது.

காப்பி எடுக்கும்போது முழு ஃபைலாக, அதே ஃபைல் பெயரோடு, முன்னும் பின்னும் உள்ள துண்டுகளோடு எடுங்கள். வெட்டி, வட்டம் போட்டு, பாட்டு சேர்த்தது ஆதாரம் ஆகாது. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், நம்பர் பிளேட் படிக்க முடியாது. கேமரா கடிகாரம் பெரும்பாலும் தப்பாக இருக்கும், அதைச் சரிசெய்யாதீர்கள். போனில் உள்ள நேரத்துக்கும் கேமரா நேரத்துக்கும் எத்தனை நிமிட வித்தியாசம் என்று குறித்துவையுங்கள். ஜி.பி.எஸ். உள்ள கேமராவில் உங்கள் வண்டி வேகமும் திரையில் ஓடும். ஸ்பீடு லிமிட்டைத் தாண்டிப் போயிருந்தால் அதுவும் சேர்த்துத்தான் கோர்ட்டுக்குப் போகும், டிரைவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

கார்டைப் போலீஸ் கேட்டால் கைப்பற்றுதல் மகஜரில் கம்பெனி, கொள்ளளவு, சீரியல் எண் எழுதி, ஒரு நகல் வாங்கிக்கொண்டு கொடுங்கள். பாரதிய சாக்ஷ்ய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ன்படி சான்றிதழ் வேண்டும். அதில் முதல் பகுதியைக் கருவியைக் கையாண்டவர் நிரப்ப வேண்டும், இரண்டாம் பகுதியை நிபுணர். ஹேஷ் எண்ணும் (ஃபைல் மாற்றப்படவில்லை என்று காட்டும் அடையாள எண்) அதில் வரும், எனவே காப்பி எடுத்த அன்றே கம்ப்யூட்டரில் ஹேஷ் எடுத்து வைப்பது நல்லது.

பைபாஸ்_பயணி:
மிக்க நன்றி எல்லாருக்கும். இன்னும் மூன்று சந்தேகம். அடிபட்டவரின் போன், பர்ஸ், நகை கீழே கிடந்தால் என்ன செய்வது? பரிசுத்தொகை தருகிறார்கள் என்கிறார்களே, அதை வாங்கினால் சாட்சியம் கெடுமா? வெறும் போன் செய்து சொன்னவருக்கும் பெயர் சொல்லாமல் இருக்கும் உரிமை உண்டா?

சிவப்பு_ஜோன்:
பாக்கெட்டில் கை விடாதீர்கள். கீழே கிடப்பதை எடுத்தால் இன்னொருவர் பார்க்க எடுத்து, 108-ல் வரும் மருத்துவ உதவியாளரிடம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். போன் அடித்தால் எடுக்கலாம். எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். உயிர் இருக்கிறதா இல்லையா என்று நீங்கள் சொல்ல வேண்டாம், அதை டாக்டர் சொல்லட்டும். லாக் ஸ்கிரீனில் அவசரத் தொடர்பு, ரத்த வகை இருந்தால் பாருங்கள்.

ரிட்டயர்டு_ரைட்டர்:
கடைசிக் கேள்விக்கு: உண்டு. போன்ல தகவல் சொன்னவரையும் பெயர் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு வழிகாட்டு நெறிமுறையிலேயே இருக்கு. ஆஸ்பத்திரியில சேர்த்துட்டுப் போறவர் கேட்டா, சேர்த்ததுக்கு அத்தாட்சிச் சீட்டு கொடுக்கணும். முதலாளிகிட்ட "ஏன் லேட்டு"ன்னு கேள்வி வந்தா டிரைவருக்கு அது உதவும், நீங்களும் கேளுங்க.

எம்சிஓபி_வக்கீல்:
ஒன்றிய அரசின் பரிசு 2021-ல் 5,000 ரூபாயாக ஆரம்பித்து, 2025-ல் ராஹ்-வீர் என்ற பெயரில் 25,000 ஆனது. எல்லா விபத்துக்கும் கிடைக்காது. காயம் கடுமையானதாக இருக்க வேண்டும் (பெரிய ஆபரேஷன், குறைந்தது மூன்று நாள் உள்நோயாளி, மூளை அல்லது முதுகுத்தண்டுக் காயம் போன்றவை), முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்க வேண்டும். போலீசோ ஆஸ்பத்திரியோ தரும் தகவலை வைத்து, கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழு முடிவு செய்யும், பணம் வங்கிக் கணக்குக்கு வரும். வாங்க வேண்டுமானால் பெயர், முகவரி கொடுத்தே ஆக வேண்டும், அதோடு பெயர் சொல்லாத உரிமையை நீங்களே விட்டுவிடுகிறீர்கள். சாட்சியம் இதனால் கெடாது. குறுக்கு விசாரணையில் "பரிசு வாங்கினீர்களா?" என்று கேட்டால் "ஆமாம், அரசு கொடுத்தது" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம். மறைத்தால்தான் சிக்கல்.

குறிப்பின் பின்பக்கத்தைக் காலியாக விட்டு அச்சடியுங்கள். தேதி, நேரம், கிலோமீட்டர் கல், வண்டி எண்கள், எங்கே நின்று பார்த்தார், தெருவிளக்கு இருந்ததா, மழையா என்று டிரைவர் அன்றே கைப்பட எழுதி வைக்கட்டும். சம்மன் வர இரண்டு மூன்று வருடம்கூட ஆகலாம். அப்போது கோர்ட்டுக்குப் போவதற்கு முந்தின நாள் அதைப் படித்துவிட்டு, காலையில் அரசு வழக்கறிஞரிடம் வாக்குமூல நகலையும் கேட்டு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் கூண்டில் ஏறுவதற்கு முன்பே அரசு வழக்கறிஞரிடம் சொல்லிவிட வேண்டும்.